பீத்தோவன் ஒன்பதாவது சிம்பொனி: கரயான் 1962 இருக்கிறது, அடுத்து எதை வாங்கலாம்?

மழைக்காலன்

நண்பர்களே, என்னிடம் ஒன்பதாவது சிம்பொனி ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது. கரயான் நடத்தியது, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா, 1962. கல்லூரிக் காலத்திலிருந்து அதையேதான் கேட்கிறேன். எங்கே என்ன வரும் என்பது மனப்பாடம். இன்னொன்று வாங்கலாம் என்று தேடினால், எங்கு பார்த்தாலும் ஃபுர்ட்வேங்க்ளர் நடத்திய 1951 பதிவு என்றே எழுதியிருக்கிறார்கள். ஸ்ட்ரீமிங்கில் கொஞ்சம் கேட்டுப் பார்த்தேன். மோனோ ஒலி, நடுநடுவே இருமல், ஆரம்பமே மந்தம். இதற்கா இவ்வளவு பேச்சு?

எனக்கு முக்கியம் நான்காவது மூவ்மென்ட், அதாவது கடைசிப் பகுதி. கோரஸ் நன்றாகக் கேட்க வேண்டும். கரயானில் ஆர்கெஸ்ட்ரா அபாரம், ஆனால் கோரஸ் பக்கத்துத் தெருவில் நின்று பாடுவது போலக் கேட்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய தட்டு

தம்பி, 1951-ஐ அவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிடாதீர்கள். அது எந்தச் சூழ்நிலையில் நடந்த கச்சேரி என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். போருக்குப் பின் ஜெர்மனியின் பைராய்ட் இசை விழாவை மறுபடி திறந்த நாள், 1951 ஜூலை 29. விழா நடக்கும் இடம், வாக்னருடைய இசை நாடகங்களுக்காகவே கட்டிய அரங்கம். அங்கே பீத்தோவனுக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. 1872-ல் அந்த அரங்கத்துக்கு அடிக்கல் நாட்டிய நாளில், ஊருக்குள் இருந்த பழைய ஆபரா அரங்கில் வாக்னரே இந்தச் சிம்பொனியை நடத்தினார். அந்த வழக்கத்தைத்தான் 1951-லும் தொடர்ந்தார்கள். தனிப்பாடகர்கள் ஷ்வார்ட்ஸ்கோஃப், ஹோங்கன், ஹோஃப், ஏடல்மான். ஃபுர்ட்வேங்க்ளர் 1954 நவம்பரில் இறந்தார். அதன் பிறகுதான் ஈ.எம்.ஐ. நிறுவனம் இதைத் தட்டாக வெளியிட்டது.

இரண்டு இடங்களை மட்டும் கேளுங்கள். நான்காவது மூவ்மென்டில் செல்லோவும் டபுள் பாஸும் பேசி முடித்ததும், பின்னால் கோரஸ் பாடப்போகும் ஆனந்தப் பாட்டின் மெட்டு முதல்முறை வரும். அதற்கு முன்னால் அவர் விடும் இடைவெளியைக் கவனியுங்கள். ரெக்கார்டு நின்றுவிட்டதோ என்று நினைப்பீர்கள். பிறகு மெட்டு வரும், காது கூர்மையாக இருந்தால்தான் கேட்கும். இன்னொன்று முடிவு. கடைசியில் மிக வேகமாகப் போகும் பிரெஸ்டிஸிமோவில் அவர் ஓட, ஆர்கெஸ்ட்ரா துரத்திக்கொண்டே போகிறது. கடைசிவரை பிடிக்கவில்லை! சுத்தமான வாசிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்டபின் மற்றவர்களின் முடிவெல்லாம் அலுவலகம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரிதான்.

மெட்ரோனோம் தாசன்

பழைய தட்டு ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் பீத்தோவன் எழுதியது ஒன்று, பைராய்டில் கேட்டது வேறு. மூன்றாவது மூவ்மென்டின் தொடக்கத்துக்கு அவர் கொடுத்த காலப்பிரமாணம் நிமிடத்துக்கு 60, அதாவது நொடிக்கு ஒரு தட்டு. ஃபுர்ட்வேங்க்ளர் கிட்டத்தட்ட அதில் பாதி வேகத்தில் போகிறார். அந்த ஒரு மூவ்மென்டுக்கே சுமார் 19 நிமிடம் ஆகிறது. ராஜர் நாரிங்டன் 1987-ல் லண்டன் கிளாசிக்கல் பிளேயர்ஸோடு அதையே சுமார் 11 நிமிடத்தில் முடித்தார். கார்டினர் 1992-ல் பதிவுசெய்த மொத்தச் சிம்பொனியும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்குகிறது. அவசரமாகத் தெரிகிறதா? இல்லை. பாட்டாக நடக்கிறது. அந்தக் காலத்து வயலின், நரம்புத் தந்தி, வால்வு இல்லாத ஹார்ன், சிறிய மரக்குச்சியால் அடிக்கும் டிம்பனி முரசு. கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

சும்மா ஒருவன்

ஆரம்பித்தாயிற்றா? சுண்டலோடு உட்கார்ந்துவிட்டேன்.

பழைய தட்டு

தாசன், அந்த எண்கள் எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிடுங்களேன். சிம்பொனி அரங்கேறியது 1824 மே 7, வியன்னாவில். எண்கள் வந்தது 1826-ல். காது முழுக்கக் கேட்காத மனிதர் சொல்லச் சொல்ல, தம்பி மகன் கார்ல் குறித்துக்கொண்டான். அதிலும் குழப்பம். ஸ்கெர்ட்ஸோவுக்கு, அதாவது இரண்டாவது மூவ்மென்டுக்கு 116, அதன் நடுவில் வரும் ட்ரையோவுக்கும் 116. ட்ரையோவில் அந்த 116 எந்த ஸ்வரத்துக்கு என்பதில் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு. நான்காவது மூவ்மென்டின் துருக்கி பாணி அணிவகுப்பு இசைக்கு 84 போட்டிருக்கிறது. உங்கள் நாரிங்டன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆற அமர நடக்கிறார். உங்கள் கார்டினர் அதே எண்ணை வைத்துக்கொண்டு பாய்ந்து போகிறார். ஒரே கட்சிக்குள்ளேயே இரண்டு தீர்ப்பு இருக்கும்போது எங்களைக் குற்றம் சொன்னால் எப்படி?

முரசு

நடுவில் இருப்பவர்களை மறந்துவிட்டீர்கள். டாஸ்கனினி, என்.பி.சி. சிம்பொனி, கார்னகி ஹால், 1952. ஸெல், கிளீவ்லண்ட், 1961. இரண்டிலும் முதல் மூவ்மென்ட் முறுக்கேற்றிய கம்பி. அந்த மூவ்மென்டின் நடுவில் தொடக்க மெட்டு மேஜரில் வெடித்துத் திரும்பும் இடம் இருக்கிறது. டிம்பனி அடங்காமல் உருண்டுகொண்டே இருக்கும். அங்கே டாஸ்கனினியின் டிம்பனி காய்ந்த இடி. ஸெல்லில் அதே இடத்தில் டிம்பனி இடிக்கும்போதும் மரக்காற்றுக் கருவிகள் தனித்தனியாகக் கேட்கின்றன. அது எளிதில்லை. மழைக்காலன் நல்ல ஒலி கேட்கிறார், அவருக்கு ஸெல்தான் சரி. ஸ்டீரியோ, தெளிவு, விலையும் குறைவு.

இரண்டாம் ஆல்ட்டோ

வணக்கம். நான் ஜெர்மனியில் இருக்கிறேன். இங்குள்ள ஒரு நகரக் கொயரில் பாடுகிறேன், ஒன்பதாவதையும் மேடையில் பாடியிருக்கிறேன். நீங்கள் எல்லோரும் கண்டக்டர்களைப் பற்றியே கதைக்கிறீர்கள். மழைக்காலன் கேட்டதோ கோரஸைப் பற்றி. கோரஸை மாதக்கணக்காகப் பழக்குவது கண்டக்டர் இல்லை. அவர் கடைசி ஒத்திகைகளுக்குத்தான் வருவார். அதற்கு முதல் எங்கள் மூச்சு, உச்சரிப்பு, எங்கே ஏறுவது, எங்கே ஒடுங்குவது எல்லாவற்றையும் தீர்மானித்து வைப்பவர் கொயர் மாஸ்டர். பதிவுகளை அவர்கள் பெயரால் அடுக்கிப் பாருங்கள்.

பைராய்ட் 1951-ன் கோரஸைப் பழக்கியவர் வில்ஹெல்ம் பிட்ஸ். அதே பிட்ஸைத்தான் ஈ.எம்.ஐ. தயாரிப்பாளர் வால்டர் லெக் பின்னர் லண்டனுக்குக் கூப்பிட்டு ஃபில்ஹார்மோனியா கோரஸை உருவாக்கச் சொன்னார். அந்தக் கோரஸின் அரங்கேற்றமே 1957 நவம்பரில் கண்டக்டர் க்ளெம்பரரோடு இந்த ஒன்பதாவதுதான். அதே மாதம் ஸ்டூடியோவிலும் பதிந்தார்கள். முரசு சொன்ன டாஸ்கனினி, ஸெல் இரண்டு பேருக்கும் பின்னால் இருந்தவர் ஒரே ஆள், ராபர்ட் ஷா. ஃப்ரிச்சாய் பெர்லினில் 1957-58-ல் செய்த பதிவில் செயின்ட் ஹெட்விக் பேராலயக் கொயர். அதற்குக் கார்ல் ஃபோர்ஸ்டர்.

பிட்ஸ் பழக்கிய கோரஸில் அடியில் இருந்து, பாஸ் குரல்களில் இருந்து ஒலி எழும்பி வரும். ஷா பழக்கிய கோரஸ் தாளத்தைக் கத்தியாக வெட்டும். பாட்டின் சொற்களை எடுத்துவிட்டு "ஒன் டூ த்ரீ ஃபோர்" என்று எண்களைப் பாட வைத்து அவர் பழக்குவார். அதனால் ஒரு சொல் 'ஸ்' என்று முடிந்தால் அத்தனை பேரின் 'ஸ்'ஸும் ஒரே கணத்தில் விழும். ஸெல் பதிவில் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், விளங்கும்.

எங்கே கேட்பது என்றால், துருக்கி அணிவகுப்பு எல்லாம் முடிந்து, ஆண் குரல்கள் ட்ராம்போனோடு "ஸைட் உம்ஷ்லுங்கன்" என்று தொடங்கும் பகுதி வரும். அதன் பிறகு இரட்டை ஃபியூக், அதாவது இரண்டு மெட்டுகள் ஒன்றையொன்று துரத்திப் பின்னும் பகுதி. மேல் பெண் குரல்களான சோப்ரானோக்கள் ஆனந்த மெட்டை எடுப்பார்கள். அதே நேரம் கீழ்ப் பெண் குரல்களான ஆல்ட்டோக்கள் நாங்கள் "ஸைட் உம்ஷ்லுங்கன்" மெட்டை எடுப்போம். எங்கள் குரல் நடுவில் அமுங்கிப் போகாமல் இருக்கத்தான் பீத்தோவன் ட்ராம்போனைத் துணைக்குத் தந்திருக்கிறார். பெரும்பாலான பதிவுகளில் அந்த ட்ராம்போன் கேட்கும், ஆல்ட்டோ கேட்காது! க்ளெம்பரரில் கேட்கும். அவர் மெதுவாகப் போவதால் நான்கு குரலும் தனித்தனியாகத் தெரியும். ஃப்ரிச்சாயிலும் கேட்கும். கரயானில், மன்னிக்கவும், சோப்ரானோ மட்டும்தான். அதில் பாடும் வியன்னா ஸிங்ஃபெராய்ன் அருமையான கொயர், ஆனால் மைக் அவர்களை விட்டுத் தூரத்தில் இருக்கிறது.

அதே ஃபியூக்கின் முடிவுப் பக்கம் சோப்ரானோக்கள் மேல் ஏ ஸ்வரத்தை விடாமல் பத்துத் தாள அளவுக்கு மேல் பிடிக்க வேண்டும். ஒன்றேகால் மணி நேரக் கச்சேரியில் முக்கால் மணிக்கு மேல் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழும்பிப் பாடுகிறோம், தொண்டை குளிர்ந்து போயிருக்கும். அந்த ஏ-யில் குரல் கீச்சிட்டால் பதிவு முழுக்கவே கெட்டது மாதிரித்தான். ஷாவின் கொயர்கள் அதில் ஒருபோதும் கீச்சிடுவதில்லை. 1942 பெர்லின் பதிவில் கீச்சிடுகிறது. ஆனால் அந்தக் கீச்சல் வேறு மாதிரி, அதைப் பழைய தட்டு அண்ணா சொல்லட்டும்.

மழைக்காலன்

அக்கா, இப்படி ஒரு பதிலுக்குத்தான் காத்திருந்தேன். கரயானை எடுத்து அந்த ஃபியூக்கைக் கேட்டேன். ஆல்ட்டோவைத் தேடினேன், கிடைக்கவே இல்லை. இத்தனை வருடம் அப்படி ஒரு மெட்டு அங்கே இருப்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. 1942 என்ன கதை?

பழைய தட்டு

1942 மார்ச் 22 முதல் 24 வரை, பெர்லின் பழைய ஃபில்ஹார்மோனி அரங்கில், ஃபுர்ட்வேங்க்ளர்தான். பாடியது புரூனோ கிட்டல் கொயர். ஜெர்மன் வானொலி காந்த நாடாவில் பதிந்தது. போருக்குப் பிறகு நாடாக்கள் மாஸ்கோவுக்குப் போய், சோவியத் நிறுவனமான மெலோதியாவின் தட்டாக வெளியே வந்தன. அரங்கம் 1944 குண்டுவீச்சில் அழிந்துபோனது.

இதை வேறொன்றோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 19-ல், ஹிட்லர் பிறந்தநாளுக்கு முந்தின மாலை, ஃபுர்ட்வேங்க்ளர் இதே சிம்பொனியை நடத்தினார். நாஜி அமைச்சர் கெப்பல்ஸ் மேடைக்கு வந்து கைகொடுக்கும் படத்துண்டு அந்தக் கச்சேரியுடையது. மார்ச் பதிவு வேறு.

ஆல்ட்டோ அம்மா சொன்ன கீச்சல்: அந்தப் பதிவில் எல்லோரும் எல்லைக்கு வெளியே போய்விட்டார்கள். முதல் மூவ்மென்டில் டிம்பனி மைக்கையே உடைக்கப் பார்க்கிறது. கோரஸ் "ஆனந்தம்" என்று பாடுகிறது, ஆனந்தம் கேட்கவில்லை. யார் எந்த மனநிலையில் பாடினார்கள் என்று நான் ஊகம் செய்ய விரும்பவில்லை. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் அதை எடுப்பதில்லை. 1951-ஐ வாங்குங்கள், 1942-ஐத் தெரிந்துகொள்ள மட்டும் கேளுங்கள்.

முரசு

ஆல்ட்டோ அக்காவின் கொயர் மாஸ்டர் வாதத்துக்கு ஒரு குறுக்குக் கேள்வி. ராபர்ட் ஷாவே அட்லான்டா சிம்பொனியை நடத்தி டெலார்க் நிறுவனத்துக்கு ஒன்பதாவதைப் பதிந்திருக்கிறார். உங்கள் கணக்குப்படி அதுதானே முதலிடத்தில் வர வேண்டும்? கோரஸ் பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் மூவ்மென்ட் எனக்குக் கணக்கு வாத்தியார் பாடம் நடத்துவது போலிருந்தது. அதே கோரஸ் பாணியை ஸெல்லும் டாஸ்கனினியும் கையில் எடுத்தபோதுதான் தீப்பிடித்தது. ஆக மறுபடி கண்டக்டரிடமே வந்து நிற்கிறோம்.

மெட்ரோனோம் தாசன்

முரசு, அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. மான்டெவெர்டி கொயரை 1964-ல் தொடங்கியவர் கார்டினர். அதைப் பழக்கியவரும் அவரே, 1992 ஒன்பதாவதை நடத்தியவரும் அவரே. கண்டக்டரும் கொயர் மாஸ்டரும் ஒரே ஆள். சிறிய கொயர், எல்லோரும் தொழில்முறைப் பாடகர்கள். ஃபியூக்கில் ஆல்ட்டோ தேடவே வேண்டாம், தானாக வந்து நிற்கும். அக்காவின் வாதத்தை எடுத்துக்கொண்டால் அது என் பக்கம்தான் சாய்கிறது.

இரண்டாம் ஆல்ட்டோ

தாசன் தம்பி, கார்டினர் கொயர் எனக்கும் பிடிக்கும். குற்றமே சொல்ல முடியாது. அந்தக் குற்றமின்மைதான் எனக்கு இடிக்கிறது. ஃபில்ஹார்மோனியா கோரஸ், ஸிங்ஃபெராய்ன் எல்லாம் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து பாடும் ஆட்கள். மேல் ஏ-யில் அவர்களுக்கு மூச்சு முட்டும், அது காதில் விழும். அரங்கேற்றத்துக்கு முன்னால் பாடகிகள் ஸ்வரத்தைக் கொஞ்சம் இறக்கித் தரச் சொல்லிக் கெஞ்சினார்கள், பீத்தோவன் மறுத்துவிட்டார் என்று ஒரு கதை இருக்கிறது. மூச்சு முட்டட்டும் என்றே அவர் எழுதினார் என்பது என் அபிப்பிராயம். எளிதாகப் பாடிவிட்டால் அந்த இடத்தின் பாதி போய்விடும்.

முரசு கேட்டது நியாயம். கொயர் மாஸ்டர் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. கண்டக்டரைப் பற்றி நீங்கள் எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், மற்ற ஆளை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சும்மா ஒருவன்

பெர்ன்ஸ்டைன் பெர்லின் 1989 பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே. பெர்லின் சுவர் விழுந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 25 காலை, கிழக்கு பெர்லின். அப்புறம் இன்னொரு கேள்வி: சி.டி.யில் 74 நிமிடம் வைத்ததே ஃபுர்ட்வேங்க்ளர் 1951 முழுக்க அடங்கத்தான் என்கிறார்களே, உண்மையா?

பழைய தட்டு

பெர்ன்ஸ்டைனைச் சரித்திர ஆவணமாகக் கேட்கலாம். கிழக்கு, மேற்கு ஜெர்மனியோடு நியூயார்க், லண்டன், பாரிஸ், லெனின்கிராட் வாத்தியக்காரர்களும் கலந்த ஆர்கெஸ்ட்ரா. "ஆனந்தம்" வரும் இடங்களில் "விடுதலை" என்று பாட வைத்தார். அன்றைக்கு அது பொருத்தம். இசையாகப் பார்த்தால் மூன்றாவது மூவ்மென்ட் இழுவை. ஃபுர்ட்வேங்க்ளர் ரசிகன் நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சி.டி. கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை உருவாக்கிய குழுவில் இருந்த பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இம்மிங்க் அதை மறுத்திருக்கிறார். தட்டின் அளவை முடிவு செய்ததில் ஸோனிக்கும் பிலிப்ஸுக்கும் இடையிலான வியாபாரக் கணக்கே பெரிது என்பது அவர் எழுதியது.

இரண்டாம் ஆல்ட்டோ

பெர்ன்ஸ்டைன் பதிவில் ட்ரெஸ்டனில் இருந்து வந்த சிறுவர் கொயரும் சேர்ந்து பாடுகிறது. சோப்ரானோ வரிசையில் பிள்ளைக் குரல் கலந்து கேட்பது வேறு எந்தப் பதிவிலும் எனக்கு வாய்க்கவில்லை. இழுவையைப் பொறுத்துக்கொண்டு நான்காவது மூவ்மென்டை மட்டுமாவது கேளுங்கள்.

மழைக்காலன்

சரி, 1951-க்கு மனம் வந்துவிட்டது. ஆனால் கடையில் மூன்று விதமாக இருக்கிறதே. ஈ.எம்.ஐ., ஆர்ஃபியோ, பிஸ் என்று மூன்று நிறுவனங்கள். மூன்றும் ஒன்றுதானா?

பழைய தட்டு

ஒன்றில்லை. ஈ.எம்.ஐ. தட்டு எல்லோருக்கும் பழக்கமானது. பவேரிய வானொலிக் காப்பகத்திலிருந்து ஆர்ஃபியோ ஒரு நாடாவை வெளியிட்டபோதுதான் சண்டை தொடங்கியது. இரண்டிலும் வாசிப்பு பல இடங்களில் வேறாக இருந்தது. எது கச்சேரி, எது ஒத்திகை? பிறகு 2021-ல் பிஸ், அன்றைய இரவு சுவீடன் வானொலி நேரடியாக ஒலிபரப்பியதை அறிவிப்போடு, கைதட்டலோடு, ஒன்றையும் வெட்டாமல் தந்தது. அது வந்தபின், ஈ.எம்.ஐ. தட்டில் லெக் ஒத்திகைத் துண்டுகளையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார் என்ற கருத்துதான் வலுத்தது.

எதை வாங்குவது? அன்றிரவு அரங்கில் உட்கார்ந்திருந்த உணர்வு வேண்டுமென்றால் பிஸ். கோரஸ் கொஞ்சம் திருத்தமாக வேண்டுமென்றால் ஈ.எம்.ஐ. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன், எடுப்பது ஈ.எம்.ஐ.

மெட்ரோனோம் தாசன்

அதாவது வெட்டி ஒட்டிய தட்டைத்தான் இத்தனை காலமாக "நேரடிக் கச்சேரியின் உச்சம்" என்று எங்களுக்குப் பாடம் எடுத்தீர்கள்.

பழைய தட்டு

ஒட்டியதும் அதே ஆள் அதே வாரத்தில் நடத்தியதைத்தானே தாசன். உங்கள் கட்சிக்காரர்கள் ஸ்டூடியோவில் ஒட்டாமலா பதிகிறார்கள்?

மழைக்காலன்

நன்றி எல்லோருக்கும். முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரிச்சாய் ஆர்டர் போட்டாயிற்று. ஸ்ட்ரீமிங்கில் கேட்டபோது ஃபிஷர்-டீஸ்காவ் "நண்பர்களே, இந்தச் சுரங்கள் வேண்டாம்" என்று தொடங்கும் இடம் என்னைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் அங்கே கட்டளை இடுகிறார்கள், இவர் கேட்டுக்கொள்கிறார். ஆல்ட்டோவும் கேட்கிறது அக்கா, ட்ராம்போனுக்கு மேலேயே கேட்கிறது. 1951 பிஸ் அடுத்த மாதம். க்ளெம்பரரும் கேட்டேன். நான்காவது மூவ்மென்ட் மலை மாதிரி இருக்கிறது, ஆனால் அந்த ஸ்கெர்ட்ஸோவை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவு மெதுவாகவா?

இரண்டாம் ஆல்ட்டோ

ஸ்கெர்ட்ஸோவில் கொயருக்கு வேலை இல்லை தம்பி. அந்த வழக்கில் நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

முரசு

ஸ்கெர்ட்ஸோவுக்கு ஸெல். சொல்லிக்கொண்டே இருக்கிறேன், யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.